காவல் இல்லாத கதவு

ஆவா நாட்டு அரண்மனையில் எச்சில் துப்புவதற்குக்கூடத் தகுதி பார்ப்பார்கள். பட்டத்து ராணிக்குத் தங்கப் படிக்கம், மற்ற ராணிகளுக்கு வெள்ளிப் படிக்கம். மலை நாட்டிலிருந்து வந்த ராணிக்கு வெண்கலம், அதுவும் விளிம்பு நசுங்கியது. ஹோம் கம் வந்து இறங்கிய அன்றே அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, முகம் எப்படிப் போகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. மறுவாரம் அந்தப் படிக்கத்தில் மண்ணை நிரப்பிக் கொத்தமல்லி விதைத்தாள். அது அரண்மனை முழுக்கப் பேச்சாகி, மலைக்காரிக்கு மரியாதை தெரியாது என்று முடிவாயிற்று.

மோங் ஸாம் என்கிற ஷான் மலைச் சிற்றரசை ஆண்டவரின் மகள் அவள். தகப்பன் ஆவா ராஜாவிடம் தோற்றுப்போனார். தோற்றவர்கள் கொடுக்க வேண்டியது என்று ஒரு வரிசை இருந்தது: குதிரைகள், தேயிலைக் கூடைகள், ஒரு மகள். மூன்றையும் ஒன்றாகவே அனுப்பினார். குதிரைகளுக்கு லாயத்தில் நல்ல வரவேற்பு கிடைத்தது.

மகளை வரவேற்றவள் தெற்கு அரண்மனை ராணி. பட்டத்து ராணி என்பதால் மூக்கு எப்போதும் ஒரு விரற்கடை மேலேயே இருக்கும். கல்யாணப் பெண் உடுத்தியிருந்த, தரையில் நீளமாகப் புரண்ட சிவப்பு வெல்வெட் பாவாடையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அதன் கீழ்க்கரையில் தேயிலைக் கொழுந்துகள், பச்சை நூலில், ஹோம் கம்மின் அம்மா ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தவை.

"சிவப்பு வெல்வெட்டு உடுத்த இந்த வீட்ல ஒருத்திக்குத்தான் உரிமை. அவுருடி."

"இங்கேயேவா?"

"ஏன், மலையில என்ன, மரத்துக்குப் பின்னால போய் அவுப்பீங்களோ?"

தாதிகள் சிரித்தார்கள். பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொடுத்து, வெல்வெட்டை மடித்துத் தெற்கு ராணியின் பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டி மற்ற ராணிகளிடம் திருமண நாளில் பறித்த துணிகளால் ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. அரண்மனை மொத்தமும் அவள் ஊர் ஊறுதேயிலையை எள்ளும் வறுத்த பூண்டும் கலந்து காலையும் மாலையும் மென்றது. மென்றுகொண்டே அவளைத் 'தேயிலைக்காரி' என்று கூப்பிட்டது. ராஜா எப்போதாவது அவள் அறைக்கு வந்தார். வந்த வழியில் ஒரு மகன் பிறந்தான். அவள் அவனுக்கு வைத்த பெயர் ஸாய் லாவ். அது மலைப் பெயர் என்று தெரிந்த வயதிலிருந்து அவன் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அரண்மனைக்கு அவன் யின்மா இளவரசன். இளவரசர்களுக்கு ஆளுக்கொரு ஊரைக் கொடுத்து, 'அந்த ஊரைத் தின்பவன்' என்று பட்டம் சூட்டுவது ஆவா வழக்கம். ஒளிவுமறைவு இல்லாத பட்டம். அந்த வீட்டில் இருந்த நேர்மை அவ்வளவுதான்.

பிள்ளையை அவள் பெற்றாள், வளர்த்தது அந்த வீடு. யானை மேல் எப்படிச் சாய்ந்து உட்கார வேண்டும், எந்தத் தம்பி எந்த அண்ணனுக்கு எவ்வளவு குனிய வேண்டும், குடை எந்தப் பக்கம் வர வேண்டும் எல்லாம் கற்றுக்கொண்டான். இருபது வயதில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். ஆணின் தேஜஸ் வலது தோளில் குடியிருக்கிறது, பெண்ணின் பாவாடைக்கு அடியில் போனால் அது கலைந்துபோகும் என்பதையும் மற்றவர்களைப் போலவே நெஞ்சார நம்பினான். மலையிலும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அங்கே மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. அடுப்புக்கு மேலே தவிரத் துணி உலர்த்த வேறு இடம் கிடையாது. ஹோம் கம்மின் அப்பா தினமும் மனைவி, மகள், வேலைக்காரி மூவரின் பாவாடைக்கும் அடியில் குந்தித்தான் சோறு தின்றார். தேஜஸுக்கு என்ன ஆனதோ, பசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆவாவிலோ அதற்கென்று தனி ஏற்பாடு. அந்தப்புரத்துத் துணி முழுவதும் மேற்கே, தேக்கு மர வேலியை ஒட்டிய முற்றத்தில்தான் காயும். சுவருக்குச் சுவர் மூங்கில் கட்டி, வரிசை வரிசையாகப் பாவாடைகள் தொங்கும். அந்த முற்றத்தின் கடைசியில் சலவைக்காரிகள் ஆற்றுப் படித்துறைக்குப் போகிற சின்னக் கதவு. அத்தனை பெரிய அரண்மனையில் காவல் இல்லாத கதவு அது ஒன்றுதான். காவலுக்கு நிற்கிறவன் பாவாடைக்கு நடுவே அல்லவா நிற்க வேண்டும்? மூலைக் கோபுரத்துக் காவலாளிகூட அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவான். ஈட்டியைப் பார்த்துப் பயப்படாத வீரர்கள் இவர்கள். ஹோம் கம் இதை வந்த புதிதிலேயே கவனித்துவிட்டாள். விருந்துக்கும் கூத்துக்கும் யாரும் கூப்பிடாததால், சலவைக்காரிகளோடு உட்கார்ந்து பேச அவளுக்கு நேரம் நிறைய இருந்தது.

ராஜா படுக்கையில் விழுந்தார். அரண்மனை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த ராஜா யார் என்று காத்திருந்தது. யார் என்பது எல்லோருக்கும் தெரியும், தெற்கு ராணியின் மகன், மூத்த இளவரசன். மற்ற இளவரசர்களை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

லூன் ஒரு நாள் முற்பகலில் ஓடிவந்தாள். ஹோம் கம்மோடு மலையிலிருந்து வந்த தோழி அவள். யாரும் இல்லாதபோது அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, தெக்கு ராணி வீட்ல அத்தனை பேரும் ஊசியும் நூலுமா உக்காந்திருக்காங்க. என்னன்னு கேட்டா மெத்தைக்கு உறையாம்."

"என்ன துணி?"

"சிவப்பு வெல்வெட்டு. உறைன்னா ஓரத்தை மூடித் தைக்கணும்ல? இவளுங்க கயிறு கோத்துச் சுருக்குப் பையா வெச்சிருக்காளுங்க. ஒவ்வொண்ணும் ஆள் நீளம் இருக்கு அக்கா."

ஹோம் கம் கையில் இருந்த தேயிலையைக் கீழே வைத்தாள். ராஜ ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்பது இந்த நாட்டுத் தர்மம். அதனால் இளவரசனைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, தடியால் அடிப்பார்கள். கொல்வதில் தப்பில்லை, சிந்துவதில்தான் தப்பு. எவ்வளவு நுணுக்கமான மனசாட்சி பாருங்கள்.

"ஆத்துல நம்ம ஊர்க்காரங்க தேயிலைப் படகு நிக்குதா?"

"நிக்குது. மதியத்துக்கு மேல கிளம்புறாங்க."

"போய்ச் சொல்லு. கூடைக்கு நடுவுல ஒரு ஆள் உக்கார எடம் விடச் சொல்லு. சலவைக் கதவுப் பக்கம் கட்டச் சொல்லு."

மகனைத் தேடி அவள் போக வேண்டியிருக்கவில்லை. அவனே வந்தான், தனியாக, வெயிலில், குடை இல்லாமல். அவனைக் குடை இல்லாமல் அவள் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, குடைக்காரன் வரல. ஆளனுப்பிக் கேட்டா, மேலிடத்து உத்தரவுன்னு சொல்றான். யானையையும் காணோம்."

"உன் அண்ணன் பை தெச்சு வெச்சிருக்கான். வா என்கூட."

"எந்தப் பை?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. சின்ன வயதில் பிடித்ததுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை சில்லென்றிருந்தது. அவளுக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் போயிற்று. எப்படியாவது பிழைத்தால் போதும், என் பெயரையே மறந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

உச்சி வெயில். அரண்மனை உண்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் அன்று கொடி கொள்ளாத துணி. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பாவாடைகள் மார்பளவு உயரத்தில் அசைந்துகொண்டிருந்தன. கோபுரத்துக் காவலாளி வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். கடைசி வரிசைக்கு அப்பால் கதவு திறந்திருந்தது. அதன் வழியே ஆறு தெரிந்தது, படகின் மூக்கும் தெரிந்தது.

"குனிஞ்சு போ, ஸாய்."

அவன் நின்றுவிட்டான்.

"அம்மா, இது பொம்பளைங்க பாவாடை."

"ஆமா. பின்ன இங்க வேற என்ன காயும்?"

"யாரோடது?"

"யாரோடதா இருந்தா உனக்கென்ன? அடுப்படிக்காரிங்களோடது, தாதிங்களோடது. என்னோடதும் இருக்கும். குனி!"

"என்னால முடியாதும்மா."

முதலில் அவளுக்குக் காதில் விழுந்தது உறைக்கவில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பையைப் பற்றிச் சொன்னபோது இருந்த பயத்தைவிட இப்போது அதிகப் பயம் அந்த முகத்தில் இருந்தது.

"இதையெல்லாம் எடுத்துடச் சொல்லும்மா. ஒரு வரிசை போதும்."

"எடுத்தா கோபுரத்துல இருக்கறவன் திரும்பிப் பாப்பான். இது தொங்கறதாலதான் அவன் பாக்காம இருக்கான்."

"எடுத்தாலும்..." அவன் மூங்கிலைப் பார்த்தான். "அந்த மூங்கிலே தீட்டுதானே. தெனமும் அதுல அதுதானே தொங்குது."

"அட பாவி! பொறந்தப்போ எந்த வழியா வந்தே? பாவாடைக்கு மேல ஏறிக் குதிச்சா வந்தே?"

அவன் முகம் சிவந்தது. "சிரிக்காதம்மா. நாளைக்கு நான் மலையில ஆள் சேத்துக்கிட்டு வந்து, அண்ணனைத் தள்ளிட்டுச் சிம்மாசனத்துல உக்காந்தேன்னு வெச்சுக்க. அப்போ எவனாவது சொல்லுவான், சமையக்காரி பாவாடைக்கு அடியில ஊர்ந்து ஓடினவன்தானேன்னு."

"சொல்லட்டுமே! அதைக் கேக்கறதுக்கு உனக்குக் காது இருக்கும்ல!"

"தேஜஸ் போயிட்டா நான் ராஜாவாவே ஆக முடியாதும்மா."

"ராஜாவாகாட்டி என்னடா? மலையில தேயிலை பறி. மாடு மேய். கல்யாணம் பண்ணு. உங்க தாத்தா பாவாடைக்கு அடியில உக்காந்து சோறு தின்னுதான் எம்பது வயசு இருந்தாரு."

"அதான் தோத்தாரு," என்றான் மகன்.

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முதல் வரிசைக்கு அடியில் நுழைந்துவிட்டாள், அவன் வெளியே நின்றுகொண்டு தன் கையை விடுவிக்கப் பார்த்தான். அவளைவிட அவன் பலசாலி. யானையை அடக்கக் கற்றவன். அந்தப் பலம் அத்தனையும் அன்றைக்கு அதற்குத்தான் பயன்பட்டது.

அப்போது தாழ்வாரத்திலிருந்து குரல் கேட்டது. அரண்மனை ஆள் ஒருவனின் தேன் தடவிய குரல்.

"யின்மா பிரபுவே! எங்க இருக்கீங்க? அப்பா கண்ணைத் தெறந்துட்டாரு. உங்களைத்தான் கேக்கறாரு. குடையோட வந்திருக்கோம்!"

மகனின் முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தில் இருந்த வெளுப்பு மறைந்தது. அவன் அதை நம்பினான் என்று சொல்ல முடியாது. பாவாடைக்கு அடியில் போவதைவிட அதை நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"பாத்தியாம்மா, குடை வந்துடுச்சு."

"போகாதடா. உன் கால்ல விழறேன், போகாத."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். முரட்டுத்தனமாக இல்லை, பாசமாகத்தான். "நீ மலைக்காரிம்மா. உனக்கு இதெல்லாம் புரியாது," என்றான். பிறகு திரும்பி, தலையை நிமிர்த்தி, வலது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடந்து போனான். தாழ்வாரத்தில் பொன் குடை அவனுக்காக விரிந்தது. ஹோம் கம் பாவாடைகளுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கிழட்டு ராஜா அன்று சாயங்காலம் செத்தார். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

மறுநாள் காலையில் உள்முற்றத்தில் ராணிகளை உட்கார வைத்தார்கள். கால் மடக்கி, தலை குனிந்து. மேடையில் புது ராஜா. பருத்த உடம்பு, தூங்கி எழுந்த முகம், வாயில் ஊறுதேயிலை. பக்கத்தில் தெற்கு ராணி, மூக்கு இப்போது இரண்டு விரற்கடை மேலே. தடிக்காரர்கள் சிவப்புப் பைகளை வலது தோளில் சுமந்து, வரிசையாக ஆற்றை நோக்கிக் கொண்டுபோனார்கள். பைகள் நனைந்திருக்கவில்லை. தர்மம் காப்பாற்றப்பட்டிருந்தது.

புது ராஜாவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு யோசனை வந்தது. சகோதர பாசத்தை ஜனங்கள் பார்க்கட்டும் என்று மேடையிலிருந்து இறங்கினார். இது அவர் அம்மா சொல்லிக்கொடுத்ததில் இல்லாதது. ஒவ்வொரு பையாக நிறுத்தி, "தம்பி, உன்னை மன்னிச்சுட்டேன்," என்றார். கடைசிப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதன் மேல் நெற்றியை வைத்து, தேம்பித் தேம்பி அழுதார். நன்றாகவே அழுதார்.

ஹோம் கம்முக்கு முன்னால்தான் அது நடந்தது. எது தன் பிள்ளை என்று தெரியாமல் அதுவரை எல்லாப் பையையும் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தப் பையின் ஓரத்தைப் பார்த்தாள். சுருக்குக் கயிறு கோத்திருந்த இடத்தில் பச்சை நூல். தேயிலைக் கொழுந்துகள்.

அம்மாவின் தையல்.

ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. அநியாயமாய்ச் செத்த இளவரசன் தெய்வமாகி வந்து பழிவாங்குவான் என்று இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாவாடைக்குள் தலையைத் திணித்துக் கொன்றால் தேஜஸ் கரைந்துபோகும், பிறகு தெய்வமாவது ஏது, பேயாவதுகூடக் கஷ்டம். தெற்கு ராணி பழைய பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவனுக்கும் அவனவன் அம்மாவுடையதையே எடுத்துத் தைக்க வைத்திருக்கிறாள். பாவாடைக்கு அடியில் போகமாட்டேன் என்று சாகப் போன பிள்ளை, அம்மாவின் பாவாடைக்குள்ளேயே செத்திருக்கிறான்.

அவள் சிரித்தாள். அவளுக்கே கேட்கச் சகிக்காத சிரிப்பு. எழுந்து நின்றாள். ராஜா முன்னால் பெண்கள் எழுந்து நிற்பது அந்த முற்றத்தில் நடந்ததே இல்லை.

"ஏ தெக்கு ராணி! நான் வந்த அன்னிக்கு அவுத்து வாங்கினியே, அந்தப் பாவாடைதானே இது?"

"என்ன உளர்றா இவ?" என்றார் ராஜா, நெற்றியை எடுக்காமலே.

"உளறல மகாபிரபு. நெத்திய வெச்சு அழறீங்களே, அது நான் கல்யாணத்துக்குக் கட்டின பாவாடை. என் ஆத்தா தெச்சது. மத்ததையும் பாருங்க. அக்காமாருங்களே, எல்லாரும் தலையத் தூக்கிப் பாருங்க. கரையப் பாத்தா அவங்கவங்களுக்குத் தெரியும்."

ராணிகள் தலை தூக்கினார்கள். வரிசையில் எங்கோ ஒருத்தி, "ஐயோ, என் மயில்!" என்று கத்தினாள். இன்னொருத்தி தன் தாமரைக் கரையைக் கண்டுபிடித்தாள். தடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பைகள் தொப் தொப்பென்று தரையில் விழுந்தன. ராஜா தேள் கொட்டியவர்போலத் துள்ளி விலகினார். வாயிலிருந்த தேயிலை மார்பில் வழிந்தது.

"அம்மா? நெஜமா?"

தெற்கு ராணியின் மூக்கு முதல் முறையாகக் கீழே இறங்கியது. "செத்தவனுங்க வந்து உன்னை ஆட்டக் கூடாதுன்னுதாண்டா செஞ்சேன். நீ எதுக்குடா தொட்டே? உன்னை யாருடா தொடச் சொன்னா?"

"நெத்தியில பட்டுடுச்சே! தண்ணி கொண்டா! பிக்குகளைக் கூப்பிடு!"

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் நடந்ததைப் பார்க்கக் கண் கூசியது. புது ராஜா தரையில் உட்கார்ந்து குடம் குடமாகத் தலையில் ஊற்றச் சொன்னார். முந்தின நாள் தடி பிடித்தவர்கள் வலது தோளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டு குழந்தைகள்போல அழுதார்கள். தம்பிகளைக் கொன்ற கையைக் கழுவ வேண்டும் என்று அதில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பாவாடை பட்ட தோளுக்குத்தான் அரண்மனைக் கிணறு போதவில்லை.

மகன் கிடந்தான். அவனைத் தொட ஆண்பிள்ளை ஒருவனும் இல்லை. ஹோம் கம் தலைமாட்டைத் தூக்கினாள், லூன் கால்மாட்டை. கனமாக இருந்தது. சலவைக்காரிகள் இருவர் ஒன்றும் கேட்காமல் வந்து நடுவில் கை கொடுத்தார்கள்.

"எங்கடி தூக்கிட்டுப் போறா? பிடிங்கடா அவளை!" என்று தெற்கு ராணி கத்தினாள்.

காவலர்கள் பின்னாலேயே வந்தார்கள். சலவை முற்றம் வரைக்கும் வந்தார்கள். முதல் வரிசைப் பாவாடைகள் காற்றில் அசைந்ததும் நின்றுவிட்டார்கள். ஒருவன் ஈட்டியை நீட்டிப் பார்த்து, நுனியில் துணி படப்போகிறது என்றதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

நேற்று காய்ந்த அதே துணிகள்தான். இருந்த கலவரத்தில் யாரும் எடுத்து மடிக்கவில்லை. பெண்கள் குனிந்து நடந்தார்கள். பாவாடைகளின் ஓரங்கள் சிவப்புப் பையைத் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டே போயின. எங்கும் இடி விழவில்லை.

"குனிய வேண்டாம் ஸாய்," என்றாள் ஹோம் கம். "நான் பாத்துக்கறேன்."

படகு நேற்றிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. தேயிலைக் கூடைகளுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அது போதவில்லை. கூடைகளை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு அவனைப் படுக்க வைத்தார்கள்.